கல்லூரி விஞ்ஞானப் பாடமும் அரசாங்க மானியமும்

பெரிய லாரி ஒன்றும் சிறிய மோட்டார் கார் ஒன்றும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. மோதுகின்ற அந்தக் கணத்தில் லாரி காரின்மேல் செலுத்தும் விசை பெரிதா, கார் லாரியின்மேல் செலுத்தும் விசை பெரிதா? மாணவ நண்பர்கள் தம் விடையை மனத்திற்குள் சொல்லி வைத்துக்கொள்ளட்டும். சிறிது நேரம் கழித்து அதற்கு வருவோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மானியம். கல்லூரிகளில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு விஞ்ஞானமும் கணிதமும் இன்னும் நன்றாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதற்காக அரசாங்கம் கொடுக்கின்ற பணத்தைப் பற்றிய செய்தி இது. மானியம் என்றதும் அது கணக்குப் பிள்ளையின் பேரேட்டுக்கு உரிய சங்கதி, மாணவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் லாரியும் காரும் மோதும் அந்தக் கேள்விக்கும் இந்தப் பணத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அமெரிக்க நாட்டின் அனுபவத்தைக் கொண்டே இதை விளக்க விரும்புகிறேன். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இந்த முயற்சி நடந்து வந்திருக்கிறது. அதன் வெற்றிகளைப் போலவே தோல்விகளும் ஒளிவு மறைவின்றி எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945ஆம் ஆண்டு, வானிவர் புஷ் என்ற பொறியியல் அறிஞர் அமெரிக்க ஜனாதிபதியிடம் ஓர் அறிக்கை கொடுத்தார். போர்க்காலத்தில் விஞ்ஞானத்துக்குப் பொதுப் பணத்தை வாரி வழங்கிய அரசாங்கம், சமாதான காலத்திலும் அதைக் கைவிடக் கூடாது என்பது அதன் சாரம். அந்த அறிக்கையின் விளைவாக, ஐந்து ஆண்டு விவாதத்துக்குப் பின், 1950ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தால் தேசிய விஞ்ஞான அறக்கட்டளை பிறந்தது. பெயர்தான் அறக்கட்டளை, உண்மையில் அது வரிப் பணத்தில் நடக்கும் ஓர் அரசாங்க நிறுவனம். முதல் ஆண்டில் அதற்குக் கிடைத்த தொகை 2,25,000 டாலர். ஒரு பெரிய தேசத்தின் விஞ்ஞானத்துக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் ஆராய்ச்சியோடு விஞ்ஞானக் கல்வியையும் வளர்ப்பது அதன் கடமை என்று தொடக்கத்திலிருந்தே கொள்ளப்பட்டது.

1953ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அது கல்லூரி ஆசிரியர்களுக்கென்று பயிற்சி முகாம்கள் நடத்தத் தொடங்கியது. கொலராடோவில் கணித ஆசிரியர்களுக்கும், மின்னெசோட்டாவில் பௌதிக ஆசிரியர்களுக்கும். கற்பிக்கிறவரை மறுபடியும் மாணவராக்கி உட்கார வைப்பது என்ற எளிய யோசனை அது. அது மெல்ல நடந்துகொண்டிருந்த வேளையில் 1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக் என்ற செயற்கைச் சந்திரனை வானில் ஏவியது. அமெரிக்கர் இரவில் தூக்கமிழந்தனர் என்றே சொல்ல வேண்டும். தம் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் பின்தங்கிவிட்டார்கள் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. 1958ஆம் ஆண்டில் 4 கோடி டாலராக இருந்த அறக்கட்டளையின் ஒதுக்கீடு, மறு ஆண்டிலேயே 13 கோடியே 40 லட்சம் ஆயிற்று. 1968ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 50 கோடி டாலரை எட்டியது. அறிவின்மேல் கொண்ட ஆசையைவிட அயலான்மேல் கொண்ட அச்சம் கருவூலத்தின் கதவை விரைவாகத் திறந்தது.

அந்த அலை நம் கரையையும் தொட்டது. 1963ஆம் ஆண்டு முதல், நமது பல்கலைக் கழக மானியக் குழுவும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவும் அமெரிக்க உதவியுடன் இந்தியாவில் கோடைக்காலப் பயிற்சி முகாம்களை நடத்தின. அமெரிக்கப் பேராசிரியர்கள் ஆலோசகர்களாக வந்தனர். பள்ளி ஆசிரியரும் கல்லூரி ஆசிரியரும் விடுமுறையில் பெட்டி படுக்கையோடு சென்று தங்கிப் பயின்றனர். பின்னர் 1970ஆம் ஆண்டில் பல்கலைக் கழக மானியக் குழு, கல்லூரி விஞ்ஞான மேம்பாட்டுத் திட்டம் என்ற ஒன்றைத் தானே தொடங்கியது. 2008ஆம் ஆண்டில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, பட்டப்படிப்பு விஞ்ஞானத்துக்கென்றே ‘ஸ்டார் காலேஜ்’ என்ற திட்டத்தை ஏற்படுத்தியது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவும் அதன் உதவியைப் பெற்றிருக்கின்றன. ஆகவே நான் சொல்லப் போகும் கதை வேற்று நாட்டில் நடந்ததாயினும் நமக்கு முற்றிலும் புறம்பானதன்று.

தொடக்க காலத்தில் கல்லூரிப் பாடத்தைச் சீர்திருத்துவது என்றால் கருவி வாங்கிக் கொடுப்பது என்றே பெரும்பாலும் பொருள் கொள்ளப்பட்டது. அதில் ஒரு நல்ல விதியும் இருந்தது. கருவியின் விலையில் பாதியை அறக்கட்டளை கொடுக்கும். மறு பாதியைக் கல்லூரியே தேடிக்கொள்ள வேண்டும். இதனை இணைத்தொகை என்பர். தன் கையிலிருந்து பணம் போட்டவன் பொருளைப் பேணுவான் என்ற அனுபவ அறிவு இதில் அடங்கியிருக்கிறது. எனினும் இந்த விதியும் எல்லா நோய்க்கும் மருந்தாகவில்லை. விலை உயர்ந்த கருவி கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டு, பார்வையாளர் வரும்போது மட்டும் தூசி தட்டப்படும் காட்சியை நம் நாட்டிலும் பார்த்தவர்கள் உண்டு. உடைந்துவிட்டால் யார் பொறுப்பு என்ற கவலை, அதைத் தொட்டுக் கற்க வேண்டிய மாணவனுக்கும் கருவிக்கும் இடையே சுவராக நின்றுவிடுகிறது.

1981ஆம் ஆண்டில் காற்று திசை மாறியது. புதிதாகப் பதவிக்கு வந்த ரீகன் அரசாங்கம், கல்வி என்பது மாகாணங்களின் பொறுப்பு என்று கூறி, அறக்கட்டளையின் கல்விப் பிரிவை ஏறக்குறைய மூடிவிட்டது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த அனுபவம் சிதறியது. இரண்டே ஆண்டில், அமெரிக்கப் பள்ளிகளின் தரம் தாழ்ந்து நாடே ஆபத்தில் இருக்கிறது என்று எச்சரிக்கும் அரசாங்க அறிக்கை ஒன்று 1983ஆம் ஆண்டில் வெளிவர, மூடிய கதவு மறுபடி திறந்தது. 1986ஆம் ஆண்டில் ஹோமர் நீல் என்ற பௌதிகப் பேராசிரியர் தலைமையில் அமைந்த குழு, பட்டப்படிப்பு விஞ்ஞானமும் கணிதமும் பொறியியலும் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன என்று எடுத்துக்காட்டியது. ஆராய்ச்சிக்கும் பணம் உண்டு, பள்ளிக்கும் பணம் உண்டு; இடையிலே நிற்கும் பட்டப்படிப்பு மாணவனை யாரும் நினைக்கவில்லை என்பது அக்குழுவின் குறை. அதன் பின்னரே பட்டப்படிப்புக்கென்று தனி மானியங்கள் நிலையாக வரத் தொடங்கின. அவற்றின் பெயர்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்தப் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இத்தகைய மானியம் எவ்வாறு கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் ஒருவர் தம் பாடத்தில் எது சரியாக நடைபெறவில்லை, அதைத் தாம் எவ்வாறு மாற்ற எண்ணுகிறார், மாற்றம் பலித்ததா என்பதை எவ்வாறு கண்டுபிடிப்பார் என்று பதினைந்து பக்கத்துக்குள் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரி ஒருவர் தனியாக உட்கார்ந்து அதை முடிவு செய்வதில்லை. பிற கல்லூரிகளில் அதே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களே குழுவாகக் கூடிப் படித்து, மிகச் சிறந்தது முதல் மோசம் வரை ஐந்து படிகளில் மதிப்பிட்டுக் கருத்துரைப்பர். பணம் ஆசிரியரின் கைக்குப் போகாது. கல்லூரியின் பெயருக்கே செல்லும். அதில் ஒரு பகுதி ஆசிரியரின் நேரத்தை விலைக்கு வாங்குவதற்காக என்பது நமக்குச் சற்றுப் புதுமையாகத் தோன்றும். அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர் பலருக்குச் சம்பளம் ஒன்பது மாதத்துக்குத்தான். கோடையில் அவர் புதிய பாடம் எழுத வேண்டுமானால் அந்த மாதங்களுக்கு ஊதியம் வேண்டும். இரண்டு மாதம் வரை மானியத்திலிருந்து அதைப் பெறலாம். அந்தச் செலவை நான் வீண் செலவாகக் கருதவில்லை. கருவியைவிட அரிதான பொருள் ஆசிரியரின் ஓய்வு நேரம்.

இனி லாரியிடம் திரும்புவோம். விசைகள் இரண்டும் சமம் என்பதே சரியான விடை. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர் விசை உண்டு என்று நியூட்டனின் மூன்றாம் விதி கூறுகிறதன்றோ? காரின் பொருண்மை குறைவாதலால் அதே விசை அதன் வேகத்தை மிகுதியாக மாற்றுகிறது. ஆகவே கார் நொறுங்குகிறது. நொறுங்கியதைக் கண்ட நாம் அதன்மேல் பட்ட விசைதான் பெரிது என்று முடிவு கட்டிவிடுகிறோம். லாரிதான் அதிக விசை செலுத்தும் என்று நீங்கள் எண்ணியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். மூன்றாம் விதியைத் தேர்வில் எழுத்துப் பிசகாமல் எழுதி மதிப்பெண் பெற்றவர்களே அவ்வாறுதான் சொல்கிறார்கள்.

இதைக் கண்டு வெளிப்படுத்தியவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த இப்ராஹிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டனீஸ் என்ற இருவர். கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லாத, அன்றாட மொழியில் அமைந்த வினாக்களைத் தயாரித்து, பாடம் தொடங்குமுன் ஒரு முறையும் முடிந்தபின் ஒரு முறையும் மாணவர்களிடம் கொடுத்தனர். 1985ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. ஒரு பருவம் முழுவதும் பாடம் கேட்டபின்னும் மாணவரின் அடிப்படை எண்ணங்கள் மிகக் குறைவாகவே மாறியிருந்தன. அதைவிட வியப்பு, பேராசிரியர்களுக்குள் வேறுபாடு காணப்படாமை. சோதனைகள் செய்து காட்டிச் சுவையாகக் கற்பித்தவரின் வகுப்பும், புத்தகத்தை ஒட்டியே சென்றவரின் வகுப்பும் ஏறத்தாழ ஒரே அளவுதான் முன்னேறியிருந்தன. இந்த வினாத்தாள் செம்மை செய்யப்பட்டு 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஹெஸ்டனீஸ் குழுவினர் ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சிகளுக்கு அறக்கட்டளை 1989 முதல் 2005 வரை உதவியது.

ஹார்வர்டுப் பல்கலைக் கழகத்தில் எரிக் மசூர் என்ற பௌதிகப் பேராசிரியர் இருந்தார். மாணவர்கள் அவரைப் புகழ்ந்தார்கள். தேர்வுகளிலும் நல்ல மதிப்பெண் பெற்றார்கள். அரிசோனா முடிவைப் படித்த அவர், தம் மாணவர்களுக்கு இந்தக் குறை இராது என்ற நம்பிக்கையோடு அந்த வினாத்தாளைக் கொடுத்தார். அப்போது மாணவி ஒருத்தி எழுந்து, இவற்றுக்கு நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் உண்மையில் எண்ணுகிறபடி எழுதுவதா என்ற பொருள்படக் கேட்டாளாம். இந்த ஒரு கேள்வி ஓர் ஆசிரியரைக் கலக்கிவிடப் போதும். முடிவும் அவர் எதிர்பார்த்தபடி அமையவில்லை.

மசூர் கண்ட வழி மிக எளியது. சிறிது நேரம் பாடம் சொல்வார். பிறகு ஒரு வினாவைத் திரையில் காட்டுவார். ஒவ்வொருவரும் தனியாகச் சிந்தித்து விடையைத் தெரிவிக்க வேண்டும். உடனே, பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விடையை வாதிட்டு நிலைநாட்டுங்கள் என்பார். இரண்டு மூன்று நிமிடம் மண்டபம் சந்தைக்கடை போல் இரையும். மறுபடி விடை கேட்டால் சரியான விடையின் பக்கம் பலர் சாய்ந்திருப்பர். நேற்றுப் புரிந்துகொண்ட மாணவனுக்குப் புரியாமையின் இடர் இன்னும் நினைவில் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் புரிந்துகொண்ட பேராசிரியருக்கு அது மறந்துவிட்டது. ஆகவே இந்த இடத்தில் அண்டை மாணவனே நல்ல ஆசான். மசூர் இதனை 1997ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

ரிச்சர்டு ஹேக் என்பவர் இந்த வகை வினாத்தாள்களின் முடிவுகளை 62 வகுப்புகளிலிருந்து, 6,542 மாணவர்களைப் பற்றித் திரட்டி 1998ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாடம் தொடங்கும்போது மாணவர்க்குத் தெரியாதிருந்ததில் எத்தனை பங்கைப் பாடத்தால் கற்றனர் என்பதே அவருடைய கணக்கு. வழக்கமான விரிவுரை வகுப்புகளில் அது நூற்றுக்கு 23 பங்கு. மாணவர் தாமே பேசியும் செய்தும் கற்ற வகுப்புகளில் 48 பங்கு. 2014ஆம் ஆண்டில் ஸ்காட் ஃப்ரீமன் முதலியோர் விஞ்ஞானம், கணிதம், பொறியியல் ஆகியவற்றில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே திசையில்தான் முடிவு வந்தது. விரிவுரை மட்டுமே கேட்ட வகுப்புகளில் சராசரியாக நூற்றுக்கு 34 பேர் தேறவில்லை. மற்ற வகுப்புகளில் 22 பேர். நூறு பேரில் பன்னிரண்டு பேர் என்றால், அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஏழு நாற்காலிகள். அந்த ஏழு பேரும் அறிவிற் குறைந்தவர்கள் என்று நாம் இதுகாறும் எண்ணி வந்தோம்.

அறிவிற் குறைந்தவர்களா என்பதை எலேன் செய்மர், நான்சி ஹியூவிட் என்ற இருவர் நேரிலேயே விசாரித்தனர். ஏழு கல்லூரிகளில் 335 மாணவர்களிடம் பேசி அவர்கள் எழுதிய நூல் 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. விஞ்ஞானப் படிப்பை விட்டு விலகியவர்களுக்கும் அதில் நிலைத்தவர்களுக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டனர். விலகியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கற்பித்தல் மோசமாக இருந்ததைக் குறையாகச் சொன்னார்கள். இதில் அதிசயமில்லை, தோற்றவன் ஆசிரியரைக் குறை சொல்வான் என்று தள்ளிவிடலாம். ஆனால் விலகாமல் வெற்றியோடு படித்தவர்களிலும் நூற்றுக்கு எழுபத்து நான்கு பேர் அதே குறையைச் சொன்னார்கள் என்பதை அவ்வாறு தள்ள முடியாது.

கணிதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி என் நெஞ்சைத் தொட்டது. 1970களில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர், கால்குலஸ் என்னும் நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர் பலர் தோற்பதைக் கண்டு காரணம் தேடினார். பேராசிரியர்களைக் கேட்டார். ஊக்கமில்லை, பள்ளிப் படிப்பு போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்று விடைகள் வந்தன. ட்ரைஸ்மன் இவற்றை நம்பிவிடாமல், கறுப்பின மாணவர் இருபது பேரையும் சீன வம்சத்து மாணவர் இருபது பேரையும் பல மாத காலம் கூடவே இருந்து கவனித்தார். அவர்கள் எங்கே படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்தார்.

காரணம் வேறாக இருந்தது. கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஆசிரியர் சொன்னபடி வாரத்துக்கு எட்டு மணி நேரம் கணக்குப் போட்டார்கள். ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே போட்டார்கள். சீன மாணவர்களோ தனியே படித்தபின் ஒன்றுகூடி, ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்து, எல்லோருக்கும் வராத கணக்கை எல்லோருமாக உடைத்தார்கள். ஒரு கணக்கு வரவில்லையென்றால் அது தம் குற்றமா, கணக்கே கடினமா என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். தனியே உட்கார்ந்தவனுக்கு அது தெரிவதில்லை, தன்னையே நொந்துகொள்கிறான். இதற்கு மருந்தாக ட்ரைஸ்மன், பின்தங்கியோர் வகுப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாகப் போடச் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் வகுப்பின் மற்ற மாணவர்களையும் விஞ்சினார்கள். இந்த முறை பின்னர் வேறு பல பல்கலைக் கழகங்களுக்கும் சென்றது. ட்ரைஸ்மன் பிற்காலத்தில் டெக்சஸில் நடத்திய மையம், அதற்குப் பொருள் உதவிய சார்லஸ் டானா அறநிதியின் பெயரையே தாங்கியது. அரசாங்கம் தவிரத் தனியார் அறநிதிகளும் இத்துறையில் கைகொடுத்திருக்கின்றன என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நுண்கணிதப் பாடத்தையே திருத்தி எழுதும் முயற்சி ஒன்றும் நடந்தது. 1986ஆம் ஆண்டு டுலேன் பல்கலைக் கழகத்தில் கூடிய கணித அறிஞர்கள், தடித்த பாடநூல்களின் சுமையைக் குறைத்து உயிர்ப்புள்ள பாடம் வேண்டும் என்றனர். 1988ஆம் ஆண்டு முதல் அறக்கட்டளை அதற்கென்று மானியம் வழங்கியது. டெபோரா ஹியூஸ் ஹேலட், ஆண்ட்ரூ க்ளீசன் முதலியோர் அடங்கிய ஹார்வர்டுக் குழு, எந்தக் கருத்தையும் எண்ணாலும், படத்தாலும், எழுத்துச் சமன்பாட்டாலும் மூவகையில் விளக்க வேண்டும் என்ற கொள்கையோடு நூல் எழுதியது. இங்கே பணம் அமைதியைக் கொண்டுவரவில்லை. பெரிய சண்டையைக் கொண்டுவந்தது. நிரூபணங்கள் குறைந்துவிட்டன, கைக்கணக்குப் பயிற்சி கெட்டுவிட்டது என்று கணித அறிஞர் பலர் கண்டித்தனர். அந்தக் கண்டனத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நாளடைவில், பழைய முறையில் எழுதியவர்களும் படங்களையும் எண் அட்டவணைகளையும் தம் நூல்களில் சேர்த்துக்கொண்டனர். புதியவர்களும் சிலவற்றை விட்டுக்கொடுத்தனர்.

இத்தனை பணமும் சான்றும் இருந்தும் வகுப்பறை மாறிவிட்டதா? 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வட அமெரிக்காவின் 25 உயர்கல்வி நிலையங்களில், ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வகுப்புகள் நேரில் கவனிக்கப்பட்டன. பாதிக்கு மேல், அதாவது நூற்றுக்கு 55, பெரும்பாலும் விரிவுரையாகவே நடந்தன. புதிய முறைகளை முயன்று பார்த்த பௌதிக ஆசிரியர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பிறகு அவற்றைக் கைவிட்டனர் என்று மற்றோர் ஆய்வு 2012ஆம் ஆண்டில் கூறியது. காரணம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பதவி உயர்வு ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பொறுத்தே கிடைக்கிறது. மானியம் மூன்று ஆண்டில் முடிகிறது. திட்டத்தை நடத்தியவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், அவர் கூடவே அந்தப் பாடமும் போய்விடுகிறது.

2001ஆம் ஆண்டு பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன் இந்தக் குறையை நன்கு உணர்ந்தார். தனி ஆசிரியருக்குக் கொடுப்பதை விட்டு, துறை முழுவதற்கும் கொடுத்துப் பார்த்தார். 2006ஆம் ஆண்டில் கொலராடோப் பல்கலைக் கழகத்திலும், அடுத்த ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக் கழகத்திலும் அவர் தொடங்கிய முயற்சி அது. ஒரு துறை பணம் பெற வேண்டுமானால், தன் பாடங்கள் ஒவ்வொன்றிலும் மாணவன் எதைச் செய்யக் கற்க வேண்டும் என்று ஆசிரியர் அனைவரும் கூடி முடிவு செய்ய வேண்டும். அந்தத் துறையிலேயே டாக்டர் பட்டம் பெற்ற இளைஞர்கள் உதவிக்கு அமர்த்தப்பட்டு, பேராசிரியரோடு உட்கார்ந்து பாடத்தை மாற்றி அமைத்தார்கள். எல்லாத் துறைகளும் ஒரே அளவில் மாறவில்லை. துறைத் தலைவர் மனம் வைத்த இடத்தில் மாறின.

மாணவரும் இதில் ஒரு தடை என்பதை மறைக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டில் ஹார்வர்டில் நடந்த ஆய்வு ஒன்று சுவையானது. ஒரே பாடத்தை ஒரு சாரார் திறமையான விரிவுரையாகக் கேட்டனர். மறு சாரார் குழுவாகக் கணக்குப் போட்டுக் கற்றனர். தேர்வு வைத்துப் பார்த்தபோது குழுவாகக் கற்றவர்களே அதிகம் கற்றிருந்தனர். ஆனால் எவ்வளவு கற்றதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்களே தாங்கள் அதிகம் கற்றதாக எண்ணினர். ஆற்றொழுக்கான பேச்சைக் கேட்கும்போது நமக்கே எல்லாம் விளங்கிவிட்டதாக ஒரு மயக்கம் உண்டாகிறது. முட்டி மோதிக் கற்கும்போது தெரியாமைதான் கண்ணில் படுகிறது. வானொலியில் பேசுகின்ற நான் இதை ஒப்புக்கொள்வது எனக்கே பாதகம், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

மானியத்துக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. அது மேலிருந்து வருவது. 1981ஆம் ஆண்டில் நடந்தது போலவே 2025ஆம் ஆண்டிலும் காற்று மாறியது. அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில், ஏற்கெனவே வழங்கப்பட்டு நடைபெற்றுக்கொண்டிருந்த மானியங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை அறக்கட்டளை பாதியிலேயே முடித்துவிட்டது. அவற்றில் பெரும்பகுதி கல்விப் பிரிவைச் சேர்ந்தவை. சிலர் நீதிமன்றம் சென்றனர்.

கட்டிடம் பாதியில் நின்றால் சுவராவது மிஞ்சும். கற்பித்தல் பற்றிய முயற்சி பாதியில் நின்றால் மிஞ்சுவது மிகக் குறைவு. முதல் ஆண்டில் பழைய முறையில் படித்தவர்களைச் சோதித்து, இரண்டாம் ஆண்டில் புதிய முறையைப் புகுத்தி, மூன்றாம் ஆண்டில் இரண்டையும் ஒப்பிட வேண்டிய திட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் ஆண்டின் முடிவில் அது நிறுத்தப்பட்டால், உதவிக்கு வந்த இளைஞர் வேறு வேலை தேடிப் போவார். புதிய முறை பலித்ததா இல்லையா என்பது ஆசிரியருக்கும் தெரியாது, அந்த இரண்டு ஆண்டும் அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவருக்கும் தெரியாது. அடுத்த ஜூனில் புதிய மாணவர்கள் சேரும் கல்லூரிகள் நம் நாட்டில் பல. அவர்களில் எத்தனை பேர் லாரிதான் அதிக விசை செலுத்துகிறது என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள் என்று முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ள, ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும்.